80 லட்சம் முன்பதிவு, அப்புறம் ஒரு மன்னிப்புக் கடிதம்: சைபர்பங்க் 2077 கணக்கு

2020 டிசம்பர் 10 அன்று, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தயாரித்த சைபர்பங்க் 2077 என்ற வீடியோ கேம் வெளியானது. சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் கன்சோலின் (டிவியோடு இணைத்து கேம் ஆடும் பெட்டி) இணையக் கடையான பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து தூக்கிவிட்டு, அங்கே வாங்கியவர்கள் கேட்டால் முழுப் பணத்தையும் திருப்பித் தருகிறோம் என்று அறிவித்தது. இவ்வளவு பெரிய கேமுக்கு ஒரு கன்சோல் கடையில் இப்படி நடப்பது அரிதிலும் அரிது. ஆனால் அதே கேம் அந்த மாதக் கடைசிக்குள் 1.37 கோடி பிரதிகள் விற்றிருந்தது, போட்ட காசையும் வெளியான கையோடு எடுத்துவிட்டது. கல்லாவில் வெற்றி, பெயரில் படுதோல்வி, இரண்டும் ஒரே மாதத்தில்.

"பக், அதாவது மென்பொருள் பிழை, நிறைய இருந்தது, பிறகு சரி செய்துவிட்டார்கள், இப்போது நல்ல கேம்" என்று இரண்டு வரியில் இந்தக் கதையை முடித்துவிடுகிறவர்கள் அதிகம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யாருடைய காசில் அந்த ரிலீஸ் நடந்தது, யாருக்குச் சரி செய்து கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி ஆகிவிடுகிறது. என் வாதம் இதுதான்: பழைய ரசிகர்களின் நம்பிக்கையை சிடி ப்ராஜெக்ட் ஒரு வரவாகவே எண்ணிச் செலவழித்தது, கடைசியில் அதிகம் நம்பியவர்தான் அதிகம் இழந்தார்.

நம்பிக்கை எங்கிருந்து வந்தது

போலந்தின் வார்சாவில் 1994ல் தொடங்கிய சிடி ப்ராஜெக்ட், முதலில் கேம் செய்யும் நிறுவனமே அல்ல, வெளிநாட்டு கேம்களை வாங்கி விற்கும் நிறுவனம். திருட்டு சிடி ஊரெல்லாம் சல்லிசாகக் கிடைத்த காலம் அது. அதோடு போட்டி போட அவர்கள் பிடித்த வழி, காசு கொடுத்து வாங்குகிறவனுக்குத் திருட்டுப் பிரதியில் கிடைக்காத ஏதாவது ஒன்றைக் கொடுப்பது: போலிஷ் மொழியில் குரல், கனமான பெட்டி, உள்ளே கூடுதல் பொருள்கள். பின்னால் 2008ல் தொடங்கிய ஜிஓஜி என்ற இணைய கேம் கடையும் இதே புத்திதான், வாங்கிய கேமுக்கு நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் போடாமல் விற்றது.

2015 மே மாதம் இவர்களே தயாரித்த விட்சர் 3 கேம் வந்தது. தயாரிப்பு, விளம்பரம் எல்லாம் சேர்த்துச் செலவு 30.6 கோடி ஸ்லோட்டி (போலந்து நாணயம்), அன்றைய மதிப்பில் சுமார் 8.1 கோடி டாலர் என்று நிறுவனமே சொன்னது. மற்றவர்கள் குதிரைக்குப் போடும் கவசத்தைக்கூடத் தனியாக விற்றுக்கொண்டிருந்தபோது இவர்கள் 16 கூடுதல் பாகங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். காசுக்கு விற்ற இரண்டு விரிவாக்கங்களில் ஒன்று தனி கேம் என்று சொல்லும் அளவுக்கு நீளம். இந்தப் பெயர்தான் சைபர்பங்க்குக்கு முதலீடு. விட்சர் 3 வந்தபோதும் பக் இருந்தது, ட்ரெய்லரில் பார்த்த அழகு கையில் கிடைத்த கேமில் இல்லை என்ற புகாரும் இருந்தது என்பதைப் பலர் மறந்தே போனார்கள். மறக்க வைத்தது அந்த நல்ல பெயர்தான்.

பட்ஜெட் என்றால் என்ன

ஒரு கேமுக்கு 20 கோடி, 30 கோடி டாலர் செலவாகிறது என்று படிக்கும்போது, அந்தக் காசெல்லாம் கிராஃபிக்ஸில் போகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பகுதி சம்பளம். ஒரு ஆளுக்கு மாதம் 10,000 டாலர், அதாவது சம்பளம், அலுவலகம், கம்ப்யூட்டர், காப்பீடு எல்லாம் சேர்த்து என்று போட்டுப் பார்ப்பது அமெரிக்க ஸ்டுடியோக்களில் பழைய கணக்கு. 200 பேர் 5 வருடம் வேலை செய்தால் 12,000 ஆள்-மாதம், 12 கோடி டாலர். கேம் நன்றாக வந்ததா இல்லையா என்பதற்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. நாள் நகர நகர மீட்டர் ஓடும், அவ்வளவுதான். ரிலீஸ் தள்ளிப் போனால் எல்லோரையும்விட கணக்குப் பிரிவு ஏன் பதறுகிறது என்பது இதில் புரியும்.

2023ல் அமெரிக்க நீதிமன்றத்தில் மைக்ரோசாஃப்ட்டுக்கு எதிரான வழக்கில் சோனியின் ஆவணங்கள் தாக்கலானபோது, மறைக்க வேண்டிய எண்களை யாரோ மார்க்கர் பேனாவால் அடித்து ஸ்கேன் செய்திருந்தார்கள். அடித்ததற்கு அடியில் எழுத்து நன்றாகவே தெரிந்தது. தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம் 22 கோடி டாலர், ஹொரைஸன் ஃபர்பிடன் வெஸ்ட் 21.2 கோடி டாலர். இந்தத் துறையில் பட்ஜெட் இப்படி யாராவது சொதப்பினால்தான் வெளியே தெரிகிறது. சிடி ப்ராஜெக்ட் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்பதாலும், எண்களை வெளியிடும் பழக்கம் இருப்பதாலும்தான் அவர்களை இப்படி அலச முடிகிறது. அந்த வெளிப்படைத்தன்மைக்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

சைபர்பங்க்குக்குத் தயாரிப்பும் விளம்பரமும் சேர்த்து 30 கோடி டாலருக்கு மேல் ஆகியிருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. 60 டாலர் கேமில் கடைக்காரர் பங்கு 30 சதவீதம் போக ஸ்டுடியோவுக்கு 42 டாலர் நிற்கிறது என்று வைத்தால், போட்டதை எடுக்கவே 70 லட்சம் பிரதிகளுக்கு மேல் முழு விலையில் விற்க வேண்டும். பெரும்பாலான கேம்கள் வாழ்நாள் முழுக்க விற்றாலும் அந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

இவர்கள் ரிலீஸுக்கு முன்பே 80 லட்சம் விற்றுவிட்டார்கள். டிஜிட்டல் முன்பதிவில் வர வேண்டிய தொகை மட்டுமே மொத்தத் தயாரிப்புச் செலவையும் விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டது என்று ரிலீஸுக்கு மறுநாள் முதலீட்டாளர்களுக்கு அறிக்கை போனது. கேமை ஒருவர்கூட விளையாடிப் பார்க்காமல், ட்ரெய்லரையும் பழைய பெயரையும் பார்த்துக் கொடுத்த காசு அது.

மஞ்சள் அறிவிப்புகள்

கேமை அறிவித்தது 2012ல். 2013 ஜனவரியில் வந்த முதல் ட்ரெய்லர் "தயாரானதும் வரும்" என்ற பாணியில் முடிந்தது. எட்டு வருட உழைப்பு என்று பிறகு பேசப்பட்டாலும், 2016 வரை ஸ்டுடியோவின் பெரும்பகுதி விட்சர் 3 விரிவாக்கங்களில்தான் இருந்தது. முழு வீச்சில் நடந்த வேலை நான்கு வருடம் சொச்சம். 2019ல் இ3 என்ற வீடியோ கேம் கண்காட்சியில் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையேறி 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொன்னார். "தயாரானதும்" போய் "தேதி" வந்த இடம் அதுதான், என்னைக் கேட்டால் சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

ஏப்ரல் செப்டம்பர் 17 ஆனது. செப்டம்பர் நவம்பர் 19 ஆனது. மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்தில் வரும் அந்த அறிவிப்புகள் மீம் ஆகிப்போயின. அக்டோபர் தொடக்கத்தில் கேம் முடிந்துவிட்டது, டிஸ்க் அச்சுக்குப் போகிறது என்று கொண்டாடினார்கள். அந்த மாதக் கடைசியில் ஒரு ரசிகர் 'லீவு போடப் போகிறேன், தேதி உறுதிதானே' என்று ட்விட்டரில் கேட்க, அதிகாரப்பூர்வக் கணக்கு உறுதி என்று பதில் சொன்னது. மறுநாளே மூன்றாவது தள்ளிவைப்பு, டிசம்பர் 10. தள்ளிவைத்ததற்குச் சொன்ன காரணத்தை ஊன்றிப் படிக்க வேண்டும்: பிசி, பழைய கன்சோல்கள், அவற்றின் வேகமான வடிவங்கள், புதிய கன்சோல்கள், கூகுளின் இணையவழி கேம் சேவையான ஸ்டேடியா என்று 9 வடிவங்களை ஒரே நேரத்தில் தயார் செய்து சோதிக்க வேண்டியிருக்கிறது, அதுவும் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டு. அதாவது சுமை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு நடுவில் ஊழியர்கள் கதை. க்ரன்ச், அதாவது ரிலீஸ் நெருங்கும்போது செய்யும் கூடுதல் நேர வேலை, கட்டாயமாக இருக்காது என்று 2019ல் வெளிப்படையாகச் சொன்னவர்கள், 2020 செப்டம்பரில் வாரம் ஆறு நாள் வேலைக்கு உத்தரவு போட்டதை ப்ளூம்பர்க் செய்தி நிறுவனம் வெளியிட்டது. வெளியே இருப்பவனிடம் வாக்குத் தவறுவதற்கு முன்னால் உள்ளே இருப்பவனிடம் தவறியாயிற்று. கேமர்கள் அன்றைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கேம் வந்தால் சரி என்றுதான் பலரும் இருந்தார்கள்.

காட்டப்படாத வடிவம்

மூன்று முறை தள்ளிவைத்ததையும் மன்னிக்கலாம், பக்கையும் மன்னிக்கலாம். நம்பிக்கை உடைந்த இடம் என்று நான் குறிப்பது டிசம்பர் முதல் வாரம்.

ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டியே போனது பிசி வடிவம் மட்டும். தாங்கள் விளையாடியதைப் பதிவு செய்து காட்டவும் கூடாது, நிறுவனம் கொடுத்த வீடியோவைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை. நல்ல பிசியில் விளையாடியவர்கள் பக் பற்றி முணுமுணுத்தாலும் தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். கன்சோல் காப்பிகள் பத்திரிகையாளர்களுக்குப் போகத் தொடங்கியது டிசம்பர் 8. ரிலீஸ் 10. இரண்டு நாளில் யார் என்ன எழுத முடியும்? நவம்பரில் முதலீட்டாளர் கூட்டத்தில் இணைத் தலைவர் ஆடம் கிச்சின்ஸ்கி, இவ்வளவு பெரிய உலகத்துக்குப் பழைய கன்சோல்களில் ஆச்சரியப்படும்படி நன்றாகவே ஓடுகிறது என்று சொல்லியிருந்தார்.

அது எப்படி ஓடியது என்று பார்ப்போம். பிஎஸ்4, அதாவது பிளேஸ்டேஷன் 4, 2013ல் வந்த பெட்டி, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க். கேம் நடக்கும் நைட் சிட்டி நெருக்கமான ஊர், மாடிக்கு மேல் மாடி, ஏற்றுதல் திரை இல்லாமல் எங்கும் போகலாம் என்பதுதான் அதன் பெருமை. அப்படியென்றால் வீரர் நகர நகர, அடுத்த தெருவின் கட்டடம், மனிதர், வண்டி, விளம்பரப் பலகை எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து அந்தந்த நொடியில் இழுத்து மெமரியில் போட வேண்டும், பின்னால் விட்டதைத் துடைக்க வேண்டும். கேமுக்குள் காரை எடுத்து வேகமாகப் போனால் டிஸ்கால் ஈடுகொடுக்க முடியாது. முன்னால் சாலை களிமண்ணைப் பிசைந்து வைத்ததுபோல் வடிவமில்லாமல் கிடக்கும், போய் நின்ற பிறகு மெதுவாகத் தெளியும். நடைபாதையில் கூட்டமே இருக்காது, அல்லது ஒரே முகம் மூன்று பேர் நிற்பார்கள். குற்றம் செய்தால் போலீஸ் எங்கிருந்தும் ஓடி வர வேண்டியதில்லை, முதுகுக்குப் பின்னால் முளைத்துவிடும். இதற்கு நடுவில் கேமே நின்று கன்சோலின் முகப்புத் திரைக்குத் திரும்பிவிடும். கடைசியாகச் சொன்னது பத்து நிமிடம் விளையாடினாலே தெரியவரும் சமாச்சாரம், தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 14 அன்று மன்னிப்பு அறிக்கை. பழைய கன்சோல்களில் கேம் எப்படி இருக்கிறது என்று ரிலீஸுக்கு முன் காட்டாததற்கு மன்னிக்கவும், வாங்கியதில் திருப்தி இல்லையென்றால் கடையில் ரீஃபண்ட் கேளுங்கள் என்றார்கள். கேட்ட பிஎஸ்4 ஆட்களை ஆரம்பத்தில் சோனி திருப்பி அனுப்பியது, ஏனென்றால் டவுன்லோடு செய்து விளையாடிய கேமுக்கு ரீஃபண்ட் கொடுப்பது அவர்கள் விதியில் இல்லை, சிடி ப்ராஜெக்ட்டும் அவர்களோடு தனியாக எந்த ஒப்பந்தமும் போட்டிருக்கவில்லை. அடுத்தவன் கல்லாவிலிருந்து பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தது மாதிரி ஆயிற்று. மூன்று நாளில் சோனி கேமையே கடையிலிருந்து எடுத்தது. எக்ஸ்பாக்ஸ் கன்சோலை விற்கும் மைக்ரோசாஃப்ட் விற்பனையை நிறுத்தவில்லை, ரீஃபண்டைத் தாராளமாக்கியது. பிளேஸ்டேஷன் ஸ்டோருக்குக் கேம் திரும்பி வந்தது 2021 ஜூன் 21, ஆறு மாதம் கழித்து.

இனி இரண்டு வாக்குமூலங்களை அருகருகே வைத்துப் படியுங்கள். மன்னிப்புக் கேட்ட அதே நாளில் முதலீட்டாளர் கூட்டத்தில் கிச்சின்ஸ்கி, மூன்று தள்ளிவைப்புக்குப் பிறகு எப்படியாவது வெளியிட வேண்டும் என்பதிலேயே நிர்வாகக் குழு குறியாக இருந்தது, பழைய கன்சோல்களுக்கு இன்னும் நேரம் வேண்டும் என்ற அறிகுறிகளைப் புறக்கணித்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, ஜனவரி 13 அன்று வீடியோவில் தோன்றிய மார்ச்சின் இவின்ஸ்கி, நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், தவறு நிர்வாகத்துடையது, டெவலப்பர்களைக் குறை சொல்லாதீர்கள் என்றார். அது பெரிய மனது. ஆனால் கூடவே, நீங்கள் பார்த்த பிரச்சினைகளில் பெரும்பகுதி எங்கள் சோதனையில் தென்படவில்லை என்றும் சொன்னார். அறிகுறி இருந்தது, புறக்கணித்தோம் என்பது ஒன்று. சோதனையில் தெரியவே இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டுமென்றால் நிறைய வளைத்துப் படிக்க வேண்டும். முதலீட்டாளரிடம் ஒரு குரல், விளையாடுகிறவரிடம் ஒரு குரல் என்றுதான் எனக்குப் படுகிறது.

யார் எவ்வளவு கட்டினார்கள்

நிறுவனமே நேரடியாக நடத்திய ரீஃபண்ட் திட்டத்தில் பணம் வாங்கியவர்கள் சுமார் 30,000 பேர், செலவு 22 லட்சம் டாலர் அளவில். கடைகள் வழியே நடந்த திருப்பிக் கொடுத்தல் இதைவிட மிகப் பெரிது, அதற்கென்று கோடிகளில் தனியே ஒதுக்க வேண்டி வந்தது. இருந்தாலும் 1.37 கோடி விற்பனைக்கு முன்னால் இவையெல்லாம் தாங்கக்கூடிய அடிதான். அமெரிக்காவில் முதலீட்டாளர்கள் போட்ட வழக்கு 18.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

கவனித்தீர்களா, அந்த வழக்கு போட்டது கேம் வாங்கியவர்கள் அல்ல, பங்கு வாங்கியவர்கள். உண்மையான அடியும் அங்கேதான் விழுந்தது. 2020ல் பெரிய பிரெஞ்சு கேம் நிறுவனமான யூபிசாஃப்ட்டையே மதிப்பில் முந்திய நிறுவனம் இது. டிசம்பர் தொடக்கத்தில் 400 ஸ்லோட்டிக்கு மேல் இருந்த பங்கு, 2022ல் 100க்குக் கீழே போனது. அந்த வருடம் கேம் எத்தனை விற்றது என்பதைவிட, அடுத்த கேமுக்கு யாராவது கண்ணை மூடிக்கொண்டு முன்பதிவு செய்வார்களா என்பதைத்தான் சந்தை எடை போட்டது என்று நினைக்கிறேன்.

பழுதுபார்ப்பு மூன்று வருடம் நடந்தது. 2021 பிப்ரவரியில் ஹேக்கர்கள் சர்வருக்குள் புகுந்து வேலையைக் கெடுக்க, பெரிய பேட்ச் (பிழைகளைத் திருத்தும் மேம்படுத்தல்) ஒன்று மார்ச் வரை தள்ளிப் போனது. 2022 பிப்ரவரியில் 1.5 பேட்ச், புதிய கன்சோல்களுக்கான வடிவம். செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸில் இதே கேமின் உலகில் நடக்கும் எட்ஜ்ரன்னர்ஸ் அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) வந்து கூட்டத்தைத் திருப்பி அழைத்து வந்தது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்சும் ஃபேண்டம் லிபர்ட்டி விரிவாக்கமும். போலீஸ், திறன்கள், சண்டை எல்லாவற்றையும் ஏறக்குறைய புதிதாக எழுதினார்கள். விரிவாக்கத்தின் தயாரிப்புக்கு 27.5 கோடி ஸ்லோட்டி, விளம்பரத்துக்கு 9.5 கோடி, பேட்சுகளுக்கும் புதிய கன்சோல் வடிவத்துக்கும் தனியே 17 கோடிக்கு மேல். மூன்றையும் கூட்டினால் விட்சர் 3க்கு ஆன மொத்தச் செலவைத் தாண்டுகிறது. 2024 கடைசியில் விற்பனை 3 கோடிப் பிரதிகள். விருது, கைதட்டல், "மீண்டு வந்த கேம்" என்ற பட்டம்.

சரி, ஆனால் அந்த 2.0 எதில் ஓடியது? பிசி, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டுக்கும் பெரிய மேம்படுத்தல் 2022ல் வந்த 1.6 வரிசையோடு முடிந்தது. ஃபேண்டம் லிபர்ட்டி அவற்றுக்கு வரவே இல்லை. தொழில்நுட்பக் காரணம் நியாயமானதுதான், அந்தப் பெட்டி அவ்வளவுதான் தாங்கும். ஆனால் அந்தப் பெட்டி அவ்வளவுதான் தாங்கும் என்பது 2020லும் உண்மை, அன்றைக்கு அதற்கு முழு விலை வாங்கினார்கள். முதலில் நம்பி, முதலில் காசு கொடுத்து, மிக மோசமான வடிவத்தை வாங்கியவர்களுக்குக் கடைசி வரை நல்ல வடிவம் வந்து சேரவில்லை, புதிய கன்சோலைக் காசு கொடுத்து வாங்கினால் ஒழிய. மீட்டெடுத்த பெயரின் பலனை அனுபவித்தவர்கள் பெரும்பாலும் பொறுமையாக இருந்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்கள், அனிமே பார்த்துவிட்டு வந்தவர்கள். நோ மேன்ஸ் ஸ்கை 2016ல் வந்து கெட்ட பெயர் வாங்கி வருடக்கணக்கில் இலவச மேம்படுத்தல் கொடுத்து மீண்டதோடு இதை ஒப்பிடுவார்கள். அங்கே முதல் நாள் ஏமாந்த பிஎஸ்4காரருக்கும் அதே மேம்படுத்தல்கள் வந்தன. இந்த வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பேசக் காணோம்.

நிறுவனம் பாடம் படித்ததா என்றால், ஓரளவு. 2021 மார்ச்சில் வேலை முறையை மாற்றுகிறோம், விளம்பரத்தை ரிலீஸுக்கு நெருக்கமாகக் குறுகிய காலத்துக்கு வைத்துக்கொள்வோம், தயாரானதை மட்டும் காட்டுவோம் என்றார்கள். சொந்த எஞ்சினை (கேம் செய்ய அடிப்படையாக இருக்கும் மென்பொருள்) விட்டுவிட்டு அன்ரியல் 5க்குப் போகிறார்கள். விட்சர் 4 ட்ரெய்லரை 2024 டிசம்பரில் வெளியிட்டவர்கள், 2027க்கு முன் வராது என்று சொன்னார்கள், தேதி கொடுக்கவில்லை. 2025 ஜூனில் அதன் தொழில்நுட்ப மாதிரியைக் காட்டியபோது, விலையுயர்ந்த பிசியை விட்டுவிட்டுச் சாதாரண பிஎஸ்5ல் ஓட்டிக் காட்டினார்கள், இது கேம் அல்ல, மாதிரிதான் என்றும் சொன்னார்கள். யாருக்குச் சொல்லும் பதில் அது என்று ஊகிப்பது கடினமில்லை.

மாதிரியைக் காட்டுவது எளிது. விட்சர் 4க்கு முன்பதிவு திறக்கும் நாளில் நான் பார்க்கப் போவது இரண்டே விஷயம்: எல்லா வடிவங்களின் ரிவ்யூ காப்பியும் ஒரே நாளில் போகிறதா, ரிவ்யூ எழுதுகிறவர் தன் கன்சோலில் தான் விளையாடியதையே காட்ட அனுமதி இருக்கிறதா. இல்லையென்றால் ட்ரெய்லர் எவ்வளவு அழகாக இருந்தாலும் என் காசு ரிலீஸுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் போகும்.